‘வி’க்குப் பின் ஒரு புள்ளி

தொட்டியத்திலிருந்து திருச்சிக்கு பஸ் ஏறிச் சட்டம் படிக்கப் போகும் பிள்ளைக்கு, அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு கொஞ்சம் பிடிபடாவிட்டாலும் காலம் ஓடிவிடும். ஆனால் அந்தக் கோட்பாட்டைத் தந்த கேசவானந்த பாரதி வழக்கின் பெயரில், ‘எதிர்’ என்பதைக் குறிக்கும் ‘வி’க்குப் பின் புள்ளி உண்டா என்பது தெரிந்தாக வேண்டும். மேற்கோள் காட்டும் விதிகளைச் சொல்லும் அமெரிக்க ப்ளூபுக்கில் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் விதிநூலான ஆஸ்கோலாவில் கிடையாது. இந்த ப்ளூபுக் 1926-ல் பிறந்தபோது 26 பக்கம். இன்று சில நூறு.

கேசவானந்த பாரதி என்ற அந்த ஒரே தீர்ப்புக்கு, பதிப்பாளருக்கு ஒன்றாக, ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461 என்று ஒரு விலாசம், (1973) 4 எஸ்.சி.சி. 225 என்று இன்னொன்று. எந்தப் பதிப்பாளரையும் சாராத பொது எண்ணை 2023-ல் உச்ச நீதிமன்றமே கொண்டுவந்தது. நல்ல காரியம்தான், அடிக்குறிப்பில் எழுத வேண்டியது மூன்றானது.

பெரிய கூத்து அரசியல் அறிவியல் பக்கம். ஏ.பி.ஏ. என்ற மேற்கோள் பாணி, நூற்பட்டியலில் குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்லும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டுக்காக அப்பா பெயரையும் பின்னால் சேர்த்து ‘முருகேசன் ராமசாமி’ ஆன ஒருவர் கூட்டாட்சி பற்றிக் கட்டுரை எழுதினார் என்று வையுங்கள். பட்டியலில் ‘ராமசாமி, மு.’ என்று வரும். காவிரிக் கரையில் வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும் அப்பா, தனக்கே தெரியாமல் மத்திய-மாநில உறவு நிபுணராகிவிடுவார்.

பிள்ளைகளே, வாத்தியார் கேட்கும் பாணியையே கடைசிப் பக்கம்வரை போடுங்கள். எழுதியது அப்பாவா பிள்ளையா என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.