பூனையில்லாத ஆகாயம்

கேள்வி: பூமியிலே பூனைக்கு அஞ்சி வளையில் ஒளிகிற எலி, பூனையே இல்லாத விண்வெளிக்குப் போனால் நிம்மதியாக இருக்குமல்லவா?

பதில்: வெளிப்பகையான பூனை அங்கே இல்லை என்பது மெய்தான், ஆனால் உட்பகையாகிய நோயைத் தடுக்கும் காவற்படையே அங்கு இளைத்துவிடுவதால், அந்த நிம்மதி நீடிப்பதில்லை. மார்பெலும்புக்குப் பின்னால், இருதயத்துக்குச் சற்று மேலே அமைந்திருக்கும் தைமஸ் என்னும் சிறு சுரப்பியே, கிருமிகளை எதிர்க்கும் டி அணுக்கள் பயிற்சி பெறும் பாடசாலை. 2007-ஆம் ஆண்டு எண்டெவர் விண்கலத்தில் 13 நாள் சஞ்சரித்துத் திரும்பிய சுண்டெலிகளிடம், இந்தத் தைமஸும் மண்ணீரலும் எடை குன்றியிருந்தன.

2016-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள், சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்களுக்குரிய ‘கிபோ’ கூடத்தில் 12 சுண்டெலிகளை 35 நாள் வளர்த்தபோது, ஆறு எலிகளை மிதக்கவிட்டு, மற்ற ஆறின் கூண்டுகளைச் சுழற்றி, அச்சுழற்சியினாலேயே பூமிக்கு நிகரான எடையுணர்வை அளித்தார்கள். மிதந்த எலிகளின் தைமஸ் வெகுவாகச் சுருங்கிற்று. அணுக்கள் பிரிந்து பெருகுவதை நடத்தும் மரபணுக்களின் செயலும் தளர்ந்தது. சுழன்ற எலிகளிடத்திலோ அச்சுருக்கம் கணிசமாகக் குறைந்திருந்தது.

கிபோ என்ற ஜப்பானியச் சொல்லுக்கு நம்பிக்கை என்று பொருள். பல மாதப் பயணமாகச் செவ்வாய்க்குப் போக விரும்பும் மனிதனுக்கு, அச்சின்னஞ்சிறு பிராணிகள் தந்திருப்பதும் அதுவே. நம்மைக் கீழே விழச்செய்கிறதே என்று நாம் நொந்துகொள்ளும் ஆகர்ஷண சக்திக்கு, உயிர்கள் நோயில் விழாமல் காப்பதிலும் பங்குண்டு என்று அறியும்போது, பூமித்தாயின் பிடி எத்தனை அன்பானது என்பது விளங்குகிறது!