உப்புத்தண்ணிக்கு ஏது மரியாதை?

என்னலே பேராண்டி, வேகாத வெயில்ல பொண்டாட்டி பிள்ளையோட கெளம்பிட்ட? டவுனுக்கா? ட்ரிப்ஸ் ஏத்தவா? பேஷ். நேத்துலருந்து வயித்தால போகுது, அதான? பிள்ளைய இப்படிக் குடு. தாயி, நீ திண்ணையில உக்காரு. கம்பவுண்டரா இருந்த கிழவன் ஒருத்தன் வீட்டு வாசல்லயே கெடக்கேன், என்னைய ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணல பாத்தியா ரெண்டு பேருக்கும். தோணாது. நான் காசு வாங்க மாட்டேன்ல.

இங்க பாரு. வயித்துத் தோலை ரெண்டு விரலால கிள்ளி விடுறேன். விட்டதும் டப்புன்னு படுத்துக்கிருச்சா? நல்லது. யோசிச்சு யோசிச்சு மெதுவா இறங்கினா, நானே உங்களைப் பிடிச்சுத் தள்ளி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருப்பேன். அழுறான், கண்ணுல தண்ணி வருது. நாக்குல ஈரம் இருக்கு. கண்ணு உள்ள போகல. என் மூக்குக் கண்ணாடியப் பிடுங்குறான், அப்பனுக்கு இருக்கிற வேகத்தை விட இவனுக்கு ஜாஸ்தி. ஒண்ணுக்குப் போனானா தாயி? பீயில ரத்தம் இருந்துச்சா? இல்லையில்ல. அப்ப உம் மகன் சௌகரியமாத்தான் இருக்கான். சீக்கு அப்பனுக்கு. தலைக்கு மேல பாட்டில் தொங்கினாத்தான் அது வைத்தியம்னு ஒரு சீக்கு.

நேத்து ராத்திரி உன் மாமியா பாலையும் தண்ணியையும் நிறுத்தச் சொன்னாளாமே. குடுத்தா இன்னும் போகும்னு. போகத்தான் செய்யும். அதுக்காக நிறுத்தினா உள்ள இருக்கிறதும் போயி பிள்ளை வத்திப் போகும். பேதியில பிள்ளைக சாகுறது முக்காவாசி அப்படித்தான். கிருமி கொல்றதுக்கு முந்தி தண்ணியும் உப்பும் வத்திக் கொல்லும். எதிர்த்த வீட்டுக்காரி பல்லு முளைக்குதுன்னாளாம். அவளுக்குப் பிள்ளை தும்மினாலும் பல்லு முளைக்கும். மேலத்தெருக்காரி தொக்கம் எடுக்கச் சொன்னாளாம். அந்தத் தொக்கம் எடுக்கிறவ வாயிலருந்து கல்லும் முடியுமா விழுறதப் பாத்து நானே அசந்திருக்கேன். வாய்க்குள்ள எப்பவும் ஸ்டாக்கு வச்சிருப்பா போல.

இப்ப நான் உப்பும் சர்க்கரையும் கரைச்சுக் குடுன்னு சொன்னா உன் மூஞ்சி போற போக்கப் பாரு. ‘இதுக்கா இவ்வளவு நேரம் கிழவன் பேசுனான்’னு. நீ மட்டும் இல்லலே. பெரிய பெரிய மேதைகளே அப்படித்தான் மூஞ்சியத் திருப்பினாங்க. கல்கத்தாவுல ஹேமேந்திர நாத் சட்டர்ஜின்னு ஒரு டாக்டரு, காலராக்காரங்க 186 பேருக்கு வாய் வழியாவே உப்பு, குளுக்கோஸ் தண்ணி குடுத்துப் பாத்து, 1953-லயே லான்செட்டுங்கிற சீமைப் பத்திரிகையில எழுதினாரு. ஒருத்தன் திரும்பிப் பாக்கல. ஊசி போடாம, பாட்டில் கட்டாம சொன்னா எவன் கேப்பான்?

அப்புறம் 1960-ல ராபர்ட் கிரேன்னு ஒருத்தரு பிராக் நகரத்துல நடந்த ஒரு கூட்டத்துல குடலோட சூட்சுமத்தைப் போட்டு உடைச்சாரு. காலரா வந்த குடல் இருக்கே, அது கல்யாண வீட்டு வாசல் மாதிரி. உப்பு ஒத்தையாப் போனா வாசல்லயே நிப்பாட்டிருவான். சர்க்கரையோட ஜோடி போட்டு வந்தா வாங்க வாங்கன்னு உள்ள விட்டுருவான். அந்த ஜோடி பின்னாலயே தண்ணி அழைக்காமலே பந்தியில போயி உக்காந்துக்கிரும். எவ்வளவு பேதி போனாலும் இந்த ஒரு வாசல் மட்டும் அடைக்கிறதில்ல. சர்க்கரை போடுறது பிள்ளை ருசியாக் குடிக்கட்டும்னு இல்ல தாயி. அது இல்லன்னா உப்பும் தண்ணியும் உள்ள ஏறாது. கூடக் கொஞ்சம் போட்டாலும் தப்பு, தண்ணியக் குடலுக்குள்ள இழுத்து பேதியக் கூட்டிரும்.

1968-ல டாக்காவுல இருந்த காலரா ஆராய்ச்சிக் கூடத்துல டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ்னு ரெண்டு சின்னப் பயலுக. அமெரிக்காவுலருந்து வந்த இளவட்ட டாக்டர்க. போறதை அளந்து அளந்து, அவ்வளவையும் வாய் வழியாத் திருப்பிக் குடுத்தாங்க. பாட்டில்ல ஏத்துற தண்ணி அஞ்சுல நாலு பங்கு மிச்சமாச்சு. அதையும் ஆஸ்பத்திரிக்குள்ள பெரிய டாக்டர் மேற்பார்வையிலதான் செய்யலாம், சனங்க கையில குடுக்கக் கூடாதுன்னு மத்த டாக்டருக சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்க.

சனங்க கையில அது வந்த கதைதான் கதை. 1971. வங்கதேச யுத்தம். எல்லை தாண்டி லட்சக்கணக்கா சனம் மேற்கு வங்கத்துக்குள்ள ஓடியாந்துச்சு. எல்லை ஓரத்துல பன்காவ்னு ஒரு ஊரு, முகாமுல காலரா. அங்க திலிப் மகலனபிஸ்னு ஒரு டாக்டரு போனாரு, குழந்தை வைத்தியம் படிச்சவரு. ஆஸ்பத்திரியில ரெண்டு ரூமு, தரையெல்லாம் நோயாளி. ஊசி குத்தணும்னா பீயிலயும் வாந்தியிலயும் முழங்காலை ஊணித்தான் உக்காரணும். கைவசம் இருந்த சலைன் பாட்டில் காணல, ஏத்தத் தெரிஞ்ச ஆளும் காணல. அப்ப அவரு ஒரு முடிவு எடுத்தாரு. ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் ஆப்பச் சோடா. கல்கத்தாவுல அளந்து, பாலிதீன் பையில போட்டு ஒட்டி, முகாமுக்குக் கொண்டாந்து டிரம்முல கரைச்சு வச்சாரு. அம்மா, அக்கா, தாத்தா, யாரு கூட வந்தாங்களோ அவங்க கையில கப்பைக் குடுத்து, மோந்து மோந்து குடுங்கன்னுட்டாரு. சும்மா உப்புத்தண்ணின்னா எவனும் தொடமாட்டான்னு அவருக்குத் தெரியும். வாயால குடிக்கிற சலைன்னு சொன்னாரு. குசும்பு பிடிச்ச மனுசன், எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். நூத்துக்கு 30 பேரு வரைக்கும் செத்துக்கிட்டு இருந்த இடத்துல நாலுக்கும் கீழ இறங்கிருச்சு.

உடனே உலகம் தூக்கி வச்சுக் கொண்டாடிருக்கும்னு நினைக்கிறயா? எழுதிக் குடுத்ததைப் போட மாட்டேன்னு திருப்பி அனுப்பினாங்க. 1973-லதான் அச்சுல வந்துச்சு. 1978-ல அதே லான்செட்டு, இந்த நூற்றாண்டு வைத்தியத்துலயே பெரிய முன்னேற்றம் இதுவா இருக்கலாம்னு எழுதுச்சு. நம்ம சர்க்காரு பத்ம விபூஷண் குடுத்தது 2023-ல. மனுசன் 2022-லயே போய்ச் சேந்துட்டாரு. நம்ம வழக்கப்படி மாலையப் போட்டோவுக்குத்தான் போட்டோம்.

இதையும் கேளு தாயி. வங்கதேசத்துல பிராக்னு ஒரு தொண்டு நிறுவனம். 1980-லருந்து பத்து வருசமா, வீடு வீடா பொம்பளப் பிள்ளைகள அனுப்பிச்சு 1 கோடிக்கும் மேல வீட்டுல சொல்லிக் குடுத்தாங்க. தராசு இல்ல, கரண்டி இல்ல. மூணு விரல்ல எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை லிட்டர் தண்ணி. போனவளுக்குச் சம்பளம் எத்தனை வீடு ஏறினான்னு பாத்து இல்ல. பின்னாடியே ஒரு ஆள் போயி, அந்தத் தாய்க்கு எவ்வளவு ஞாபகம் இருக்குன்னு கேட்டு அதுக்குத் தகுந்த சம்பளம். நம்ம ஊருப் பள்ளிக்கூடத்துல இந்த ஏற்பாட்டைக் கொண்டாந்தா எத்தனை வாத்தியாரு மிஞ்சுவாங்கன்னு நினைச்சுப் பாத்துச் சிரிச்சிருக்கேன். ஆனா முதல்ல என்னாச்சு தெரியுமா? தாய்மாரு பாடம் ஒப்பிச்சாங்க, பிள்ளைக்குக் குடுக்கல. ஏன்னு துருவினா, சொல்லிக் குடுக்கப் போனவளுகளே தனக்குப் பேதி வந்தா மாத்திரை வாங்கித் தின்னிருக்காளுக! அப்புறம் அவளுகள டாக்காவுக்குக் கூட்டிட்டுப் போயி இது எப்படி வேலை செய்யுதுன்னு கண்ணால காட்டினாங்க. சந்தை, மசூதின்னு ஆம்பளைக கூடுற எடத்துக்கும் போயிச் சொன்னாங்க. ஏன்னா டவுனுக்குக் கெளம்புறது எங்கயும் உன்னைய மாதிரி ஆம்பளதான்.

சிரிக்காத. உனக்கு அடுத்தது இருக்கு. 2024-ல சயன்ஸ் பத்திரிகையில வந்துச்சு. கர்நாடகத்துலயும் பீகாருலயும் நடந்த ஆராய்ச்சி. ரெண்டு வயசுப் பிள்ளைக்குப் பேதின்னு சொல்லி நடிக்கிறதுக்கு ஆளப் பழக்கி, 2,000-த்துக்கும் மேல தனியார் வைத்தியருககிட்ட அனுப்பினாங்க. இந்த உப்பு, சர்க்கரைத் தூளு இருக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டு நல்லதுன்னு அவங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுத மாட்டேங்கிறாங்க, ஏன்னு பாக்கிறதுக்கு. நம்ம ஊரு டீக்கடையில கேட்டா, காசு ஆசைன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவான். கணக்கு என்ன சொல்லுது? காசு காரணம் 5 சதவீதம். பாக்கெட்டு ஸ்டாக்கு இல்லாதது 6. ‘இவனுக்கு இது பிடிக்காது, வேற கேப்பான்’னு வைத்தியரா நினைச்சுக்கிறது 42! உப்புத்தண்ணியக் குடுத்தா நீ தன்னை இளிச்சவாயன்னு நினைச்சிருவியோன்னு அவரு பயப்படுறாரு. அவரு குடுக்கலையே, அப்ப அது மருந்தில்லன்னு நீ நினைக்கிற. நடுவுல பிள்ளைதான் காயுது. இன்னமும் உலகத்துல வருசத்துக்கு 4 லட்சத்துக்கும் மேல அஞ்சு வயசுக்குட்பட்ட பிள்ளைக பேதியில போகுது.

சரி, வேலையப் பாப்போம். நேத்து என்ன செஞ்ச? முழுப் பாக்கெட்டையும் ஒரே டம்ளர்ல கொட்டினியா? நாசமாப் போச்சு. அது கடலுத்தண்ணிலே, பிள்ளைக்கு ஆபத்து. பாக்கெட்டு மேல போட்டிருக்கும், படிச்சவன்தான நீ. 1 லிட்டர் பாக்கெட்டுன்னா காச்சி ஆறவச்ச தண்ணி 1 லிட்டர். பாதி தூளு பாதி தண்ணின்னு கணக்குப் போடாத, தூளு அடியில ஒரு மாதிரியும் மேல ஒரு மாதிரியும் இருக்கும். பாக்கெட்டு கெடைக்காத நேரம் 1 லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி. தாயி, ஒவ்வொரு தரம் போனதுக்கப்புறமும் கால் டம்ளர், அரை டம்ளர். பால் பாட்டில்ல ஊத்தாத. ஸ்பூனால, நிமிசத்துக்கு ஒண்ணா. வாந்தி எடுத்தானா, பத்து நிமிசம் சும்மா இரு, அப்புறம் இன்னும் மெதுவா. தாய்ப்பாலை நிறுத்தாத, குழைஞ்ச சோத்தையும் நிறுத்தாத. துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம், இவனுக்கு ஆறு மாசம் தாண்டிருச்சுல்ல, தினம் ஒண்ணு கரைச்சு 14 நாளு. பேதி மூணாம் நாளே நின்னாலும் மாத்திரைய நிறுத்தக் கூடாது. அப்புறம், அட்டை டப்பாவுல ஜூஸ் மாதிரி வருதே, அதை வாங்கிட்டு வந்துராத. இனிப்புத் தண்ணிக்கு ஓ.ஆர்.எஸ்.னு பேரு போட்டு வித்தானுக. ஐதராபாத்து டாக்டரம்மா சிவரஞ்சனி சந்தோஷ் வருசக்கணக்காச் சண்டை போட்டு, 2025 அக்டோபர்லதான் அந்தப் பேரு போடக் கூடாதுன்னு உத்தரவு வந்துச்சு.

கரைச்சதை 24 மணி நேரத்துக்கு மேல வைக்காத. பிள்ளை துவண்டு போனா, குடிக்க மாட்டேன்னா, ஒண்ணுக்கு நின்னு போச்சுன்னா, ரத்தம் வந்தா, அப்ப பாட்டில் தொங்குற எடத்துக்கே போ, நான் குறுக்க நிக்க மாட்டேன். போறப்ப ஒரு காரியம். செல்லுல உன் மூஞ்சிய ஆயிரம் போட்டோ வச்சிருக்கயே, பாக்கெட்டையும் ஒண்ணு எடுத்து வச்சுக்க. நடிக்க ஆள் அனுப்பினாங்களே, அதே ஆராய்ச்சியில, போன தரம் இதுதான் குடுத்தோம்னு போட்டோவக் காட்டினவங்களுக்குப் பாக்கெட்டை எழுதிக் குடுத்தது 27 சதவீதப் புள்ளி ஏறுச்சாம்.

இந்தா, ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸம்மா குடுத்த பாக்கெட்டு ரெண்டு என்கிட்ட இருக்கு, மாத்திரையும் இருக்கு. எல்லாம் இனாம். உனக்குத்தான் இனாம்னா நம்பிக்கை வராதே. டவுனுல அழப்போற காசை அப்படியே என் கையில குடுத்துரு.