புது ஹெட்மாஸ்டருக்குப் பெருசு சொன்ன புத்தி

வாங்க தம்பி, இந்தக் கட்டில்ல உக்காருங்க. எங்க ஊரு ஹைஸ்கூலுக்கு ப்ரமோசன்ல வந்திருக்கீகளாமே, சந்தோசம். முடி இன்னும் கருப்பாத்தான் இருக்கு. மே மாசம் ரிசல்ட் வந்த பெறகு ஒரு தடவ வாங்க, மறுபடியும் பாப்போம்.

இது விருதுநகர் ஜில்லா, அதை மொதல்ல மனசுல வாங்குங்க. பன்னெண்டாப்பு ரிசல்ட்ல பல வருசம் தொடந்தாப்புல மொத இடத்துல நின்ன ஜில்லா. 2023-லயும் 97.85 சதவீதம் எடுத்து மொத இடம். மத்த ஊர்ல பிள்ளை பெயிலாப் போனா அது அவுக வீட்டுத் துக்கம். இங்க அது ஜில்லாவுக்கே மானக்கேடு. ரேங்க் வாங்குன பிள்ளைக பேரை அறிவிக்கிறத 2017-ல நிப்பாட்டிட்டாக, பிள்ளைகளுக்கு மனசு கஷ்டமாம். ஜில்லாவுக்கு ரேங்க் போடுறத மட்டும் நிப்பாட்டலய்யா. அது உங்களுக்கும் ஜில்லாவுக்கே பெரிய கல்வி அதிகாரி சி.இ.ஓ.வுக்கும் கஷ்டம். அதப் பத்தி யாருக்கு என்ன?

ரிவ்யூ மீட்டிங்னு ஒண்ணுக்குக் கூப்பிடுவாக, போயிருப்பீக. சதவீதம் கொறஞ்ச பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர எந்திரிச்சு நிக்கச் சொல்லுவாக. அம்பது வயசு ஆளு, பேரன் பேத்தி எடுத்தவரு, பெஞ்சுக்கு மேல ஏறாத கொறைதான். அதுக்கும் மசியலைன்னா விளக்கம் கேட்டு மெமோ வரும். அதனால பொழைக்கிற வழியச் சொல்றேன், கேட்டுக்கோங்க.

மொத வழி, வகுத்தல் கணக்கு. தேர்ச்சி சதவீதத்த எதை வச்சு வகுக்குறாக? பரிட்சை எழுதுன பிள்ளைகள வச்சு. வராத பிள்ளைக்கு அந்தக் கணக்குல இடமே கிடையாது. 2023 மார்ச்சுல பன்னெண்டாப்புத் தமிழ்ப் பரிட்சைக்கு மட்டும் அம்பதாயிரம் பிள்ளைக பக்கம் வரலன்னு பேப்பர்ல போட்டிருந்தான். நாலு நாள் டீக்கடையில அதான் பேச்சு. மே மாசம் ரிசல்ட் வந்துச்சு, 94.03 சதவீதம். எல்லாரும் கைதட்டுனோம். அந்த அம்பதாயிரத்தையும் சேத்து வகுத்துப் பாக்க எந்த வாத்தியாரும் வேணாம், எங்க ஊரு கருவாட்டுக்கார அம்மாவே போதும். அதனால சரியா வராத பையனத் தேடி வீட்டுக்கு நடக்காதீக. ஒம்பதாப்பு முடிஞ்சதும் அப்பனக் கூப்பிட்டு, "இவனுக்குப் படிப்பு ஏறாது, டி.சி. வாங்கிட்டு ஏதாச்சும் தொழில்ல சேத்துவிடுங்க"ன்னு பதமாச் சொல்லுங்க. நாங்க கும்பிடு போட்டுட்டுத்தான் வாங்கிட்டுப் போவோம். அந்தப் பையன் பாசும் இல்ல, பெயிலும் இல்ல.

ரெண்டாவது வழி, மினிமம் மெட்டீரியல். உங்களுக்குத் தெரியாததா? மெல்லக் கற்கும் மாணவர்னு அழகா ஒரு பேரு வச்சு, அவுகளத் தனியா உக்கார வச்சு, முப்பத்தஞ்சு மார்க்குக்கு எது போதுமோ அத மட்டும் ஊட்டுறது. வாத்தியாருக்கு நாலு பிள்ளைன்னு தத்துக் குடுக்குறது. விடியக்காலம் போன் போட்டு எழுப்பிவிடுறது. அறிவியல்ல செய்முறைக்குன்னு 25 மார்க் இருக்கு, அதுக்கு மேல நான் வாயத் தொறக்க மாட்டேன். எட்டயபுரம் சந்தைக்கு ஆடு கொண்டுபோறவன் மொத நாள் ராத்திரி உப்புத்தண்ணி குடிக்க வச்சு வயித்த ஊத வைப்பான் பாருங்க, அந்த வித்தைதான். எடையில நிக்கும், கறியில நிக்காது.

வித்தைய நான் பழிக்கல தம்பி. பத்து வருசத்துப் பாரத்த பத்து மாசத்துல தூக்கச் சொன்னா மனுசன் வேற என்ன செய்வான்? பத்தாப்பு வாத்தியாரக் கேட்டா நடுநிலைப் பள்ளிக்கூடத்துல சரியில்லம்பாரு. அங்க போய்க் கேட்டா தொடக்கப் பள்ளியக் கைகாட்டுவாக. தொடக்கப் பள்ளி டீச்சரு, வீட்டுல கவனிப்பு இல்லன்னு சொல்லும். வீட்டுல கேட்டா, அதுக்குத்தான சம்பளம் வாங்குறாகம்போம் நாங்க. மூணாப்புல எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைய யாரு கேட்டா? அந்த வகுப்பு வாத்தியாருக்கு எந்த மீட்டிங்லயும் எந்திரிச்சு நிக்கிற வேலை வந்ததில்ல.

இதுக்கு மருந்துன்னு 2019-ல அஞ்சாப்புக்கும் எட்டாப்புக்கும் பொதுத்தேர்வுன்னாக. அடுத்த பிப்ரவரியிலயே வாபஸ் வாங்குனாக. நல்லதாப் போச்சு. சொல்லிக் குடுக்காதவரு சம்பளம் வாங்கிட்டு வீட்டுக்குப் போவாராம், பத்து வயசுப் பிள்ளை பெயிலாகி அதே பெஞ்சுல உக்காருமாம். யாரு தப்புக்கு யாருக்குத் தண்டனை?

வெள்ளைக்காரன் இதையெல்லாம் எப்பவோ செஞ்சு பாத்துட்டான். எங்க ஊரு நூலகத்துல ஒரு பொஸ்தகத்துல கெடந்துச்சு. 1862-ல இங்கிலாந்துல அரசாங்கம் ஒரு விதிமுறை போட்டுச்சு. இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்குன்னு பரிட்சை வைப்பாரு. பிள்ளை தேறுனாத்தான் பள்ளிக்கூடத்துக்குப் பணம், தேறாத பாடத்துக்கு வெட்டு. வாத்தியார்மாரு என்ன செஞ்சாக? பொஸ்தகத்த நெட்டுருப் போட வச்சாக. முப்பது வருசத்துக்கு மேல ஓட்டிட்டுத்தான் அதக் கைவிட்டாக. நம்ம மதராஸ் மாகாணத்துலயும் ரிசல்ட் கிராண்ட்னு அதே சரக்கு எறங்கியிருக்கு. ஆக, உங்க மினிமம் மெட்டீரியலுக்கு நூத்தறுபது வருசத்துப் பாரம்பரியம் இருக்கு, வெக்கப்படாதீக.

நூத்துக்கு நூறு வேணும்னா பரிட்சையே வைக்காம இருக்குறதுதான் உத்தமம். கொரோனாவுல பாத்தோமே! 2020-லயும் 2021-லயும் பத்தாப்புல தமிழ்நாடே பாஸ். மினிமம் மெட்டீரியல் இல்ல, தத்து இல்ல, ஒரு ஹெட்மாஸ்டரும் எந்திரிச்சு நிக்கல.

அரசாங்கமும் சும்மா இல்ல, சொல்லணும்ல. 2022-ல எண்ணும் எழுத்தும்னு கொண்டாந்தாக, எட்டு வயசுக்குள்ள எழுதப் படிக்கக் கணக்குப் போடத் தெரியணும்னு. அது உருப்படியான காரியம், வேர்ல தண்ணி ஊத்துற வேலை. 2025-ல ஆறாப்புலருந்து ஒம்பதாப்பு வரைக்கும் திறன்னு இன்னொண்ணு. ஆறாப்புக்கு மேலயும் அடிப்படை தெரியாத பிள்ளைக இருக்காகன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்டது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா எல்லாத்தையும் எமிஸ்ங்கற இன்டர்நெட் பதிவுல ஏத்தணுமாம். டீச்சரு பிள்ளை மொகத்தப் பாக்குமா, செல்லுல சிக்னல் கெடைக்குதான்னு பாக்குமா?

எல்லாக் கணக்கும் மேலயே போகுது தம்பி. வகுப்புலருந்து உங்களுக்கு, உங்ககிட்டருந்து டி.இ.ஓ., சி.இ.ஓ., சென்னை. எங்க தெருப்பக்கம் ஒண்ணும் எறங்கல. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல எங்களுக்கும் ஒரு எடம் வச்சிருக்கு, பள்ளி மேலாண்மைக் குழுன்னு. முக்காவாசிப் பேரு பெத்தவுக, பாதிப் பேரு பொம்பளையாளுக. நாங்க அங்க வந்து என்ன பேசுறோம்? சுத்துச்சுவரு பேசுவோம், கக்கூசு பேசுவோம், தண்ணித்தொட்டி பேசுவோம். வடையத் தின்னுட்டு, காட்டுன எடத்துல கையெழுத்துப் போடுவோம். பிள்ளைக்கு வாசிக்க வருதான்னு மட்டும் கேக்க மாட்டோம். கேட்டா நீங்க கோவிச்சுக்குவீகன்னு பயம், நீங்க பதில் சொல்லிட்டா எங்களுக்கு வீட்டுல வேலை வந்துரும்னு அதைவிடப் பயம்.

அதனால கடைசியா ஒரு எச்சரிக்கை. இந்தத் தடவ குழுத் தலைவி எம் மருமக. அவகிட்ட ரெண்டாப்புத் தமிழ்ப் பொஸ்தகம் ஒண்ணு குடுத்து வச்சிருக்கேன். ஏசர்னு ஒரு கணக்கெடுப்பு 2005-லருந்து நடக்குதுல்ல, அதுல வீடுவீடாப் போயி ரெண்டாப்புப் பாடம் போல ஒரு குட்டிக் கதையப் பிள்ளைகிட்ட நீட்டி வாசிக்கச் சொல்லுவாகளே, அதே மாதிரி வர்ற வெள்ளிக்கிழமைக் கூட்டத்துல ஆறாப்புப் பிள்ளைகள வாசிக்கச் சொல்லப் போறா. கூட்டத்த ஒத்திப்போட நெனச்சா மழைன்னு மட்டும் காரணம் சொல்லாதீக, இந்தக் கரிசக்காட்டுல ஒரு பய நம்ப மாட்டான். எந்தப் பிள்ளை வாசிக்கணும்னு நீங்க கைகாட்டவும் வேணாம், கூப்பிடுறது நாங்க. மொத ஆளா எம் பேரனத்தான் கூப்பிடச் சொல்லியிருக்கேன். அந்தப் பயலுக்கு ஒரு வரி ஓடாது, இப்பவே சொல்லிட்டேன். அவுகப்பன் அங்கன எகிறுவான். நீங்க பதிலுக்கு எகிறாம, எந்த மாசத்துக்குள்ள வாசிக்க வச்சிருவீகன்னு ஒரு தேதியச் சொல்லி மினிட் நோட்டுல எழுதிருங்க. வீட்டுல நாங்க என்ன செய்யணும்ங்கறதையும் அதுக்குக் கீழயே எழுதுங்க. கையெழுத்து நான் போடுறேன், எனக்குத்தான் அந்த வீட்டுல வேலவெட்டி இல்ல.