ஏர் எடுத்தல்: கழக்கூட்டம் வட்டாரத்தில் குட்டி எஞ்சின்கள் நின்றுபோவது குறித்த ஓர் ஆராய்ச்சி

விமானம் பறப்பது பற்றி நூல்கள் மலையாய்க் குவிந்திருக்கின்றன. பறக்காமல் நிற்பது பற்றிய துறையோ தரிசாகக் கிடக்கிறது. அந்தக் குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப் பொருள், உள்ளங்கையில் அடங்கும் 6.5 சி.சி. மாதிரி விமான எஞ்சின். ஆய்வுக் களம், திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டம். களத்தேர்வுக்குக் காரணம் இருக்கிறது. 1963 நவம்பர் 21 அன்று நைக்-அப்பாச்சி ராக்கெட் கிளம்பிய தும்பா, இங்கிருந்து ஆட்டோவில் போகிற தூரம். 1962இல் தொடங்கிய சைனிக் பள்ளி ஊருக்குள்ளேயே இருக்கிறது. 1990இல் வந்த டெக்னோபார்க்கால் நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப்பேர் இங்கே குடியேறிவிட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஓர் எஞ்சின் நின்றுபோனால் யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? ஆய்வாளருக்கு அது தரவு, எஞ்சின்காரருக்குத் தலைவலி.

ஆய்வின் வரம்பையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பக்கம் ராக்கெட் நிலையம், மறுபக்கம் விமான நிலையம். நடுவே உட்கார்ந்து 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளைப் படிப்பவருக்கு வியர்த்துக் கொட்டும். ஆனால் இந்த ஆய்வில் எந்த விதியும் மீறப்படவில்லை. எடுத்துக்கொண்ட எஞ்சின் எதுவும் தரையைவிட்டு எழும்பினால்தானே!

இனி முறையியல். அறிவதற்குக் காட்சி, கருதல், உரை என்று மூன்று அளவைகளைச் சைவ சித்தாந்தம் சொல்கிறது. எஞ்சின் விஷயத்தில் இந்த வரிசை தலைகீழாகிவிடும். முதலில் வந்து நிற்பது உரைதான். அதுவும் டீக்கடைப் பக்கமிருந்து வரும். "பெட்ரோள் தீர்ந்தோ அப்பீ?"

கேள்வியில் அன்பு இருக்கிறது, பெட்ரோலும் இருக்கிறது. எஞ்சினில்தான் பெட்ரோல் என்றைக்குமே இருந்ததில்லை. இது குடிப்பது மெத்தனால். அதோடு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு விளக்கெண்ணெயோ அதற்கு ஈடான செயற்கை எண்ணெயோ சேரும். வேகம் வேண்டுவோர் கொஞ்சம் நைட்ரோமீத்தேனும் கலப்பார்கள். ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று வேண்டும், மெத்தனாலுக்கு ஆறரையே போதும். அதாவது அதே காற்றுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் எரிபொருள் ஊற்ற வேண்டும். டேங்க் சீக்கிரம் காலியாவதில் மர்மம் எதுவும் இல்லை. மெத்தனால் வாங்குவது இன்னொரு கதை. 2000இல் கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கலில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் இருந்தது அதே மெத்தனால்தான். லிட்டர் கணக்கில் கேட்பவனைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பது நியாயமே.

சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளை எடுத்து மறுக்கும் பரபக்கம் முதலில் வரும், தம் கொள்கையை நாட்டும் சுபக்கம் பிறகு வரும். நாமும் அப்படியே போவோம்.

முதல் எதிராளி ஊசிவாதி. எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் நீடிலே எல்லாப் பிணிக்கும் மருந்து என்பது இவர் மதம். எஞ்சின் நின்றால் திருகுவார். ஓடினாலும் திருகுவார், இன்னும் நன்றாக ஓடட்டுமே என்று. இந்த மதம் இவ்வளவு பரவியதற்குத் தத்துவக் காரணம் எதுவும் கிடையாது. எஞ்சினில் விரலால் திருகக்கூடிய பொருள் அது ஒன்றுதான், அவ்வளவே. கேடு என்னவென்றால், உண்மையான கோளாறு வேறெங்கோ இருக்க, நீடிலைத் திறந்து திறந்து அதை மூடி மறைத்துவிடுவார்.

அடுத்தவர் பிளக்வாதி. சட்டைப்பையில் எப்போதும் புது பிளக் இருக்கும். அதற்குள் இருக்கும் பிளாட்டினம் கலந்த கம்பிச்சுருளை ஒருமுறை சூடேற்றிவிட்டால் போதும், மெத்தனால் ஆவி பட்டுப் பட்டுத் தானே கனன்றுகொண்டிருக்கும். சுருள் அறுந்தால் எஞ்சின் நிற்கத்தான் செய்யும். ஆகவே இவர் சொல்வது சில சமயம் சரி. அதனால்தான் இவரை மறுப்பது கடினம்.

மூன்றாமவர் பருவவாதி. எல்லாம் இடவப்பாதிப் பருவமழையின் ஈரம் என்பார். மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது உண்மை. மூடி சரியாகப் போடாமல் ஜூன் மாதத்தில் பாதி கேன் வைத்திருந்தவரிடம் இவர் வாதம் செல்லும். ஜனவரியிலும் இதையே சொல்லும்போதுதான் இடிக்கிறது.

இனி சுபக்கம். நம் சித்தாந்தத்தை போர்வெல் மோட்டார் மெக்கானிக் எவரும் இரண்டே சொல்லில் சொல்லிவிடுவார்: "ஏர் எடுக்குது."

டேங்க்கைத் திறந்து பாருங்கள். உள்ளே மெத்தென்ற சிலிக்கான் ட்யூப், அதன் நுனியில் பித்தளைக் குண்டு. விமானம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குண்டு எரிபொருளோடு அந்தப் பக்கம் சாயும், உறிஞ்சுவது நிற்காது. அருமையான ஏற்பாடுதான். ஆனால் அந்த ட்யூப் பித்தளைக் குழாயில் மாட்டியிருக்கும் இடத்தில், குழாய் விளிம்பு உரசி உரசி மயிரிழை அளவு கீறல் விழும். கண்ணுக்குத் தெரியாது, இழுத்து வளைத்தால் மட்டும் வாய் பிளக்கும். டேங்க் நிறைந்திருக்கும்வரை கீறல் எரிபொருளுக்குள் மூழ்கிக் கிடப்பதால் எஞ்சின் ராஜாவாக ஓடும். மட்டம் கீறலுக்குக் கீழே இறங்கியதும் காற்றை உறிஞ்சும். சத்தம் கீச்சென்று ஏறும், புகை அற்றுப்போகும், பொட்டென்று நிற்கும். ஊசிவாதி நீடிலை நோக்கிக் கைநீட்டுவது இந்த நொடியில்தான்.

கருதல் அளவைக்கு இங்கே வேலை இருக்கிறது. ஓடும் எஞ்சினின் எரிபொருள் ட்யூபை ஒரு கணம் நசுக்கி விடுங்கள். வேகம் சற்று ஏறிப் பிறகு தணிந்தால் எரிபொருள் கூடுதலாகப் போகிறது. ஏறாமலே துவண்டால் குறைவாகப் போகிறது. காட்சி இன்னும் எளிது. டேங்க்குக்கும் கார்ப்புரேட்டருக்கும் நடுவே தெரியும் ட்யூபில் பொடிக் குமிழிகள் வரிசையாக ஓடினால் வழக்கு முடிந்தது. அதற்குப் பிறகு டேங்க்கைக் கழற்றி, உள் ட்யூபைக் குழாயோடு வெளியே எடுத்து, நுனியை அடைத்து, சைக்கிள் பஞ்சர் கடையில் செய்வதுபோல் தண்ணீரில் அமுக்கி ஊதிப் பார்க்க வேண்டியதுதான். கசிவே இல்லாமல் நுரை மட்டும் வந்தால் அது அதிர்வின் வேலை. டேங்க்கைச் சுற்றி ஸ்பாஞ்ச் வைத்தால் அடங்கும். டேங்க்கின் நடுமட்டம் நீடிலின் மட்டத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பதையும் போகிறபோக்கில் சொல்லி வைக்கிறேன்.

சிறிய எஞ்சினுக்குச் சொன்னது பெரியதற்குப் பொருந்துமா? இந்த மாவட்டத்து வலியமலையில்தான் இஸ்ரோவின் திரவ எரிபொருள் எஞ்சின் மையம் இருக்கிறது. 2013 ஆகஸ்ட் 19 அன்று ஜி.எஸ்.எல்.வி. டி5 ராக்கெட் கிளம்ப 1 மணி 14 நிமிடம் இருக்கும்போது எரிபொருள் கசிவு கண்டு நிறுத்தினார்கள். பழுது நீக்கி 2014 ஜனவரி 5 அன்று ஏவினார்கள். 2021 ஆகஸ்ட் 12 அன்று ஜி.எஸ்.எல்.வி. எஃப்10 மேலே போனது, கிரையோஜெனிக் எஞ்சின் மட்டும் பற்றவில்லை. ஒரு வால்வு கசிந்து ஹைட்ரஜன் டேங்க்கில் அழுத்தம் குறைந்ததே காரணம் என்று ஆய்வுக்குழு கண்டறிந்தது. சைலன்சரிலிருந்து டேங்க்குக்கு அழுத்தம் தரும் ட்யூப் கழன்றுவிட்டால் நம் 6.5 சி.சி.க்கு நேர்வதும் இதே கதிதான். அந்தக் குழு ஆராய்ந்தது கசிவை. திருகிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை.

கழக்கூட்டத்திலோ வேறெங்கோ ஒருவர் நின்றுபோன எஞ்சினோடு குந்தியிருக்கக் கண்டால், வாசகர்கள் யோசனை சொல்லாமல் கடந்து போகும்படி கேட்டுக்கொள்கிறேன். கையில் அரை அடி புது சிலிக்கான் ட்யூப் இருந்தால் மட்டும் நிற்கலாம்.