முட்டி நிபுணர்

வீடு வாங்கப் புறப்படும் குடும்பம் ஒவ்வொன்றிலும், கூடவே வந்து சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கென்று ஒரு பெரியப்பாவோ தாய்மாமனோ ஓய்வுபெற்ற சகலையோ அமைந்துவிடுகிறார். கடலூர் மாவட்டத்தில் இவ்வினத்தாரை அடையாளம் காண்பது எளிது. மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ விலைக்கு வந்துள்ள வீட்டின் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவருடைய வலக்கை நடுவிரல் மடிந்து நிற்கும். அவ்விரலின் முட்டியே அவருக்குக் கருவி, ஆய்வகம், முத்திரை எல்லாம்.

தட்டுதல் அவரளவில் ஒரு சடங்கு. தளத்தின் மட்டத்தைக் காட்டும் ரசமட்டத்தையும், சுவர் நெட்டுக்குத்தாக நிற்பதைக் காட்டும் தூக்குக்குண்டையும் கொத்தனாரின் பலவீனங்கள் என்று ஒதுக்கிவிட்டு, அவர் கூடத்துச் சுவரின் முன் நின்று, மார்பளவு உயரத்தில் மூன்று முறை தட்டி, காதை அருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். அப்போது இடக்கை உயர்ந்திருக்கும். அது இறங்கும்வரை அடுப்பங்கரையில் மிக்ஸி ஓடக் கூடாது, குழந்தை அழக் கூடாது, விற்பவர் விலை சொல்லக் கூடாது. பிறகு "ம்" என்ற ஓரெழுத்து அறிக்கை வெளிவரும். இவ்வறிக்கை மூவகைப்படும். குறுகி ஒலிப்பது அடுத்த அறைக்குப் போகலாம் என்பதையும், நீண்டு ஒலிப்பது விலையில் ஐம்பதாயிரம் குறைத்துக் கேட்கலாம் என்பதையும், சற்று மூக்கால் வருவது காபி இன்னும் வரவில்லை என்பதையும் குறிக்கும். "சுவரு பேசுது மாப்ள" என்பார். பேசியது என்ன என்பதை அவர் யாருக்கும் பெயர்த்துச் சொன்னதில்லை.

தட்டிப் பார்ப்பதில் பொருளே இல்லை என்று தள்ளிவிடவும் இயலாது. செங்கல்லை விட்டுப் பூச்சு பிரிந்திருந்தால் அவ்விடம் உள்ளீடற்று ஒலிக்கும். தரையில் பதித்த டைல்ஸின் அடியில் கலவை முழுதாகப் பரவாத இடமும் அவ்வாறே ஒலிக்கும். நன்றாக வெந்த இரு செங்கற்களை மோதினால் கணீரென்ற ஓசை எழும் என்பது கட்டுமானப் பாடநூல்களே ஏற்கும் சோதனை. ஆனால் நிபுணரின் செவி சூளையில் பழகியதன்று, பண்ருட்டிச் சந்தையில் பழகியது. பலாவைத் தட்டினால் காய் கெட்டியாகவும் பழம் பொத்தென்றும் ஒலிக்கும். பொத்தென்று ஒலித்தால் வாங்கலாம். சுவருக்கு இவ்விதி தலைகீழ். ஐம்பது ஆண்டுகள் பலாப்பழம் தேர்ந்தெடுத்த விரலுக்கு இவ்வேறுபாட்டை யார் எடுத்துச் சொல்வது? பூச்சு விட்டுப்போன சுவரின் முன்னே அவர் முகம் மலர்ந்து நின்றதைக் கண்ட உறவினர் பலர்.

தட்டுதல் மெய்யாகவே உதவக்கூடிய இடம் ஒன்று உண்டு. அதை மட்டும் அவர் தட்டமாட்டார். சிதம்பரம் போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் என்னும் கூரை உண்டு. மர உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் வைத்துச் சுண்ணாம்புக் கலவையால் பிணைத்த கூரை அது. உத்தரம் சுவருக்குள் நுழையும் முனையில்தான் ஈரமும் கரையானும் குடியேறும் என்பதால், ஒரு கழியால் அம்முனையைத் தட்டினால் உள்ளே மரம் இருக்கிறதா, மரத்தின் தோல் மட்டும் இருக்கிறதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். விரல் எட்டாத இடத்தில் குற்றம் இராது என்பது நிபுணரின் கொள்கை. ஆகவே ஒன்றரை அடிப் பருமனில் யாருக்கும் தீங்கு செய்யாமல் நிற்கும் சுவரையே மீண்டும் தட்டிவிட்டு, சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் உண்ட பின் தீர்ப்பளிப்பார். கொத்சில் புளி ஏறியிருந்தால் அடித்தளம் பலவீனம்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டறிய இயலாத பெருங்குறை ஒன்று விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அதை அவர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. சாதாரணக் கவனம் என்றால் என்ன என்ற கேள்விக்கு விடை, பல வீடுகளில் ஒரு நாட்காட்டியின் பின்னே ஒளிந்திருக்கிறது. நிலத்தின் ஈரம் சுவரின் நுண்துளைகள் வழியே மேலேறுவதை ஓதம் என்பர். அவ்வீரம் உலரும்போது கரைந்துவந்த உப்பு வெண்பொடியாக வெளியே பூத்து, வண்ணத்தையும் பூச்சையும் பொரித்துத் தள்ளும். விற்பவர் இடுப்பளவுக்குப் புதுவண்ணம் அடித்து, அதற்கும் அடங்காத இடத்தில் நடராசர் படம் போட்ட நாட்காட்டியை மாட்டிவைக்கிறார். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் சாமி படம் மாட்டும் வழக்கம் எந்த வீட்டில் உண்டு என்று நிபுணர் கேட்பதில்லை. குனிந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு, தாளைத் தூக்கிக் கரிநாள் பார்த்து, பத்திரப் பதிவுக்கு உகந்த தேதியைக் குறித்துத் தந்துவிட்டு நகர்கிறார். ஈசானிய மூலை, தெருக்குத்து முதலியவற்றில் அவருக்குள்ள புலமையை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டே பொறுத்துவிடலாம். பொறுக்க இயலாதது அவர் வரும் பருவம். கடலூருக்கு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அவரோ சித்திரை வெயிலில், எல்லாச் சுவர்களும் யோக்கியமாகத் தோன்றும் காலத்தில் வருகிறார். 2015ஆம் ஆண்டு வெள்ளம் மாவட்டத்தின் பல பகுதிகளை மூழ்கடித்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் மழையால் சாத்தனூர் அணை திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூரின் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அத்தகைய நீர் நின்ற உயரம் காம்பவுண்டுச் சுவரில் பழுப்புக் கோடாகத் தங்கும். கோட்டை அழித்திருந்தாலும் தெருமுனையில் பூக்கட்டும் பெண்மணி முழங்காலா இடுப்பா என்று சொல்லிவிடுவார். கார்த்திகையில் ஒருமுறை வந்து பாருங்கள் என்று அழைத்தால், "மழை விடட்டும்" என்பது நிபுணரின் விடை. மழை விட்ட பின் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

மொட்டை மாடிக்கும் அவர் ஏறுவதில்லை. கை முட்டி உழைக்கும், கால் முட்டி ஒத்துழைக்காது. வீட்டின் நோய்களில் பாதி மேலேயிருந்து இறங்குபவை. கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடும் சுருக்கியும், அதன் மேல் பதிக்கும் தட்டோடும் வெடித்தால் நீர் கீழே கசியும். கடற்காற்றின் உப்பும் அதனோடு சேர்ந்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துத் தள்ளும். சிதம்பரம் பக்கத்துக் களிமண்ணோ நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கி, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக வெடிப்பு விடச் செய்யும். இவை எவையும் விரல் முட்டிக்கு விடை சொல்வதில்லை. அமெரிக்காவில் வீட்டுச் சோதனையாளர்கள் 1976ஆம் ஆண்டிலேயே சங்கம் அமைத்துக்கொண்டனர். கூரை முதல் கழிவுநீர்க் குழாய் வரை பார்த்து எழுத்தில் தருவது அவர்களுடைய தொழில். இங்கே 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம், அதற்கு உட்பட்ட புதிய கட்டடங்களின் கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்தாண்டுகள் கட்டுநரைப் பொறுப்பாக்குகிறது. கைமாறும் பழைய வீட்டுக்கு அந்தக் காப்பு இல்லை. வில்லங்கச் சான்றைப் பார்த்தால் வீட்டின் மேலுள்ள அடமானம் தெரியும், மாடியிலுள்ள வெடிப்பு தெரியாது. ஆகவே, சில ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு கட்டுமானப் பொறியாளரை அழைத்துவரலாம் என்று குடும்பத்தில் யாரேனும் மெல்லத் தொடங்கினால், "அப்ப நான் எதுக்கு?" என்பார் நிபுணர். அதற்கு மேல் யாரும் வாய் திறப்பதில்லை. பல இலட்சம் கடன் வாங்கி வாங்கும் வீடு அந்த ஒரு கேள்விக்கு மரியாதை செய்து வாங்கப்படுகிறது. ஒழுகும் அறையில் வாளி வைப்பவர்கள் வேறு.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டியின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து, மோட்டார் ஓடாமல், மேல்தொட்டியில் மிஞ்சிய நீரே வீட்டின் சொத்தாயிற்று. அந்நாட்களில் இவ்வினத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், விழுந்த மரங்களைத் தாண்டி நடந்தே வந்து, யாரும் கேட்காமலேயே மாடிப்படி ஏறினார். கால் முட்டியைப் பற்றி அன்று பேச்சில்லை. சுருக்கியில் குறுக்கே ஓடிய வெடிப்பின் மேல், கணுக்கால் நனையும் மழைநீரில் நின்றுகொண்டு, கீழே பாராமல், கருப்புத் தொட்டியை மேலிருந்து கீழாகத் தட்டி, காது வைத்து, கண்ணை மூடி, "முக்கால்" என்றார். மூடியைத் திறந்து பார்த்தார்கள், முக்கால்தான் இருந்தது.