கரப்பான்: உரிமை கோரப்படாத சொத்து

கரப்பான்பூச்சியில் 4,500-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை காட்டில் உதிர்ந்த இலைகளுக்கு அடியில், யாருக்கும் தொந்தரவில்லாமல் காலம் தள்ளுபவை. மனிதனை ஒட்டிப் பிழைப்பவை சுமார் 30. அதிலும் நம் வீடுகளில் தூக்கத்தைக் கெடுப்பவை முக்கியமாக இரண்டுதான். ஒன்று பெரியது, நாலு சென்டிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம், சாக்கடையும் குளியலறையும் இருப்பிடம். கோடை இரவுகளில் பறக்கவும் செய்யும். மற்றது சிறியது, ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது. தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள் இருக்கும். பறக்காது, சமையலறையை விட்டு அதிகம் நகரவும் நகராது. வீட்டுக்காரர்கள் பயப்படுவது பெரியதைப் பார்த்து. பயப்பட வேண்டியது சிறியதற்கு.

தமிழில் இதற்குப் பாச்சை என்றும் பெயர் உண்டு. இலங்கைத் தமிழர் கரப்பத்தான் என்பர். கரத்தல் என்றால் ஒளித்தல். பெயருக்கும் வினைக்கும் உறவு இருக்கிறதோ இல்லையோ, பொருத்தத்துக்குக் குறைவில்லை.

அறிவியல் பெயர்களின் கதை வேறு. உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட லின்னேயஸ், பெரியதற்கு 1758-இல் அமெரிக்காவின் பெயரைச் சூட்டினார். அது ஆப்பிரிக்காவில் தோன்றி, கப்பலேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்த பூச்சி. சிறியதற்கு 1767-இல் ஜெர்மனியின் பெயரை வைத்தார். ரஷ்யாவும் ஜெர்மானியப் பிரஷ்யாவும் எதிரெதிராக நின்று ஐரோப்பாவை உலுக்கிய ஏழாண்டுப் போர் முடிந்து அப்போது நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. ஜெர்மானியர் அந்தப் பூச்சியை ‘ரஷ்யன்’ என்றார்கள். ரஷ்யர்களோ அதைப் ‘பிரஷ்யன்’ என்றார்கள். இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆக, கரப்பான் எப்போதும் பக்கத்து நாட்டுக்காரருடையது.

இந்த வழக்கு 2024-இல் ஒரு முடிவுக்கு வந்தது. 17 நாடுகளிலிருந்து 281 கரப்பான்களைச் சேகரித்து மரபணுவை ஆராய்ந்தவர்கள், ஜெர்மன் கரப்பான் ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் வங்கக் கடலை ஒட்டிய பகுதியில், இந்தியாவிலோ மியான்மரிலோ, ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்தது என்று கண்டார்கள். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் மேற்கே அரபு நாடுகளுக்குப் போயிருக்கிறது. ஐரோப்பாவை எட்டி 270 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதாவது நம் பக்கத்துப் பிள்ளை. வெளிநாடு போய், அங்கே ஒரு பெயர் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறது. இந்தச் செய்தி வந்தபோது நம் ஊரில் யாரும் பெருமைப்பட்டதாகத் தெரியவில்லை.

கரப்பானின் உடலமைப்பைத் தமிழ்நாட்டில் விலங்கியல் படித்தவர்கள் அறிவார்கள். பதினோராம் வகுப்பு விலங்கியலில் மண்புழுவுக்குப் பக்கத்தில் அதற்கும் இடம் உண்டு. இதயத்தில் 13 அறைகள். மூச்சு விட உடலின் இரு பக்கமும் 10 ஜோடித் துளைகள். மூச்சுக்குத் தலை தேவையில்லாததால் தலை போன பிறகும் சில நாள் உயிரோடு கிடக்கும். விலங்குகளை அறுப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் நிறுத்தும்வரை, கல்லூரி ஆய்வகங்களில் அதன் வாயுறுப்புகளைப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி மதிப்பெண் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இன்று, அதே பூச்சி குளியலறைச் சுவரில் மீசையை ஆட்டினால், கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்பவர்கள். பாடத்தில் அது இறந்த நிலையில்தான் அறிமுகமானது என்பதே அவர்கள் தரப்பு நியாயம்.

உயிரோடு இருப்பது வேறு ரகம். பெரிய கரப்பான் வினாடிக்கு ஒன்றரை மீட்டர் ஓடும். அதன் உடல் நீளத்தைப் போல ஒரு வினாடியில் சுமார் 40 மடங்கு தூரம் அது. அந்தக் கணக்கில் மனிதன் ஓடினால் மணிக்கு 240 கிலோமீட்டர் போக வேண்டும். வாலடியில் இரண்டு சிறு நீட்சிகள் இருக்கின்றன. அவற்றின் நுண்மயிர்கள் காற்றின் அசைவை உணரும். ஓங்கிய செருப்பு இறங்குவதற்குள் அது தள்ளும் காற்று முந்திப் போய்ச் செய்தி சொல்லிவிடுகிறது. பூச்சி திரும்பி ஓட ஆரம்பிக்க ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு போதும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் காட்டியபடி, நன்றாக வளர்ந்த கரப்பான் 3 மில்லிமீட்டர் இடுக்கில் உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு நுழைந்துவிடும். அதைப் பார்த்து ஒரு ரோபோவும் செய்தார்கள். செருப்புக்காரர்களின் தோல்விக்கு இவ்வளவு பௌதிகம் காரணமாக இருக்க, வீட்டில் உள்ளவர்கள் ‘ஒரு பூச்சிய அடிக்கத் துப்பில்ல’ என்று முடித்துவிடுகிறார்கள்.

வீட்டில் கரப்பான் தென்படுவது பெரும்பாலும் இரவு இரண்டு மணிக்கு, தண்ணீர் குடிக்க எழுந்தவர் சமையலறை விளக்கைப் போடும்போது. அதன்பின் நடப்பவை எல்லா வீட்டிலும் ஒரே வரிசையில் நடக்கும். ஒருவர் அலறுவார். ஒருவர் விளக்குமாறு தேடுவார். மூன்றாமவர் கட்டிலில் ஏறி நின்று, ‘ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி... இல்ல, இந்தப் பக்கம்’ என்று வழிகாட்டுவார். பூச்சி சிறகை விரித்தால் தலைமைப் பொறுப்பு உட்பட அனைத்தும் கைமாறும். கடைசியில் அது மிக்ஸிக்கு அடியில் மறைய, ‘போயிடுச்சு’ என்று விளக்கை அணைப்பார்கள். போகவில்லை. மிக்ஸியின் அடிப்பகுதி, ஃப்ரிட்ஜின் மோட்டார், சுவிட்ச் பெட்டி, பலகைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து, பழைய செய்தித்தாள் கட்டு ஆகியவைதான் அதன் வீடு. வெதுவெதுப்பு, இருட்டு, முதுகும் வயிறும் ஒரே சமயம் எதிலாவது உரசும் நெருக்கடி: இந்த மூன்றையும் அது சுகவாசம் என்று கருதுகிறது.

மறுநாள் காலை விசாரணை நடக்கும். ‘நம்ம வீடு சுத்தம். மேல் வீட்டிலேருந்துதான் வருது’ என்று தீர்ப்பாகும். மேல் வீட்டில் அதே நேரத்தில் கீழ் வீட்டைக் குற்றவாளி ஆக்கியிருப்பார்கள். இரண்டும் முழுப் பொய் அல்ல. அடுக்குமாடிகளில் குழாய்கள் இறங்கும் சந்து வழியே பூச்சி எல்லா மாடிக்கும் போய் வருகிறது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத ஒரே குடித்தனம் அது. ஆனால் வந்தது தங்குவதற்குக் காரணம் அந்தந்த வீட்டில் இருக்கிறது. சிறிய கரப்பான் சாப்பாடு இல்லாமல் ஒரு மாதம்கூட ஓட்டிவிடும். தண்ணீர் இல்லாமல் இரண்டு வாரம் தாங்காது. எனவே சிந்திய சோற்றுப் பருக்கையைவிடச் சொட்டும் குழாய்தான் பெரிய அன்னதானம். வேலைக்கார அம்மா காலையில் வரும்வரை சிங்க்கில் ஊறும் எச்சில் பாத்திரங்கள் அன்னம், தண்ணீர் இரண்டையும் ஒரே இடத்தில் பரிமாறிவிடுகின்றன.

வீட்டில் இதற்கு எதிராக ஒரு சம்பளமில்லாத காவலாளியும் உண்டு: பல்லி. கரப்பான் குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் தலை முதல் கால் வரை அச்சாகிறது. கரப்பான் விழுந்தால் என்ன பலன் என்று எந்தப் பஞ்சாங்கமும் சொல்வதில்லை. யார் மேல் விழுந்ததோ அவர் குதிப்பதைப் பார்த்தாலே பலன் தெரிந்துவிடும் என்று விட்டிருக்கலாம்.

உணவகத்தின் நிலைமை இதைவிடச் சிக்கலானது. அங்கே அடுப்பு அணைவதே சில மணி நேரம்தான். தரை எப்போதும் ஈரம். வெங்காய மூட்டை, முட்டை அட்டை, மளிகை வரும் அட்டைப்பெட்டி என்று தினமும் வெளியிலிருந்து ஏதோ ஒன்று உள்ளே வருகிறது. முட்டைக்கூட்டைச் சுமந்த சிறிய கரப்பான் அந்த அட்டையின் மடிப்புக்குள் சுகமாகப் பயணம் செய்யும். ஒரு கூட்டில் 30 முதல் 40 முட்டைகள். தாய் அதைப் பொரியும் தறுவாய் வரை வயிற்றோடு சுமந்து திரிவதால் மருந்தடிப்பவர் கையில் முட்டை எளிதில் சிக்குவதில்லை. குஞ்சு இரண்டு மூன்று மாதத்தில் வளர்ந்து அடுத்த கூட்டைச் சுமக்க ஆரம்பிக்கும். சரக்கு மாஸ்டர் சம்பள உயர்வு கேட்பதற்குள் கரப்பான் பாட்டியாகிவிடும்.

சாம்பாரில் ஒன்று மிதக்கும்போது உணவகங்களில் ஒரு தனி வகைப்பாட்டியல் செயல்படுகிறது. லின்னேயஸ் அறியாதது அது. அதன்படி மிதப்பது முதலில் கருகிய வெங்காயம். மறுத்தால் புளிச் சக்கை. மேலும் மறுத்தால் கறிவேப்பிலைக் காம்பு.

‘சார், வெங்காயம் கொஞ்சம் தீஞ்சிடுச்சு. வேற கொண்டாறேன்.’

‘வெங்காயத்துக்கு மீசை ஏதுப்பா?’

இந்தக் கேள்விக்குப் பிறகுதான் கல்லாவிலிருந்து முதலாளி எழுந்து வருவார். பக்கத்தில் சாக்கடை வேலை நடக்கிறது, மாநகராட்சி தோண்டிப் போட்டிருக்கிறது, அங்கிருந்து வருகிறது என்பார். வாடிக்கையாளர் பில் கொடுக்காமல் போவார். அடுத்த மேஜைக்காரர் தன் கிண்ணத்தைக் கரண்டியால் ஒருமுறை துழாவிப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்வார். சட்டமும் முதலாளியின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தாற்போல்தான் பேசுகிறது: 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 54-ஆம் பிரிவில், இப்படிப்பட்டவற்றை ‘அந்நியப் பொருள்’ என்கிறது. அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை. பத்துத் தலைமுறையாகச் சமையற்கட்டில் பிறந்து வளர்ந்ததை அந்நியம் என்பது கொஞ்சம் அநியாயம்தான். இப்படி வேறு பெயர் சூட்டுவதில் அமெரிக்காவும் மோசமில்லை. புளோரிடாவில் மரியாதைப்பட்ட வீடுகளில் கரப்பான் கிடையாது, ‘பனைப்பூச்சி’ மட்டும்தான். நியூயார்க்கில் அது ‘தண்ணீர்ப்பூச்சி’.

அலுவலகத்தில் கரப்பான் மேஜை இழுப்பறைகளிலிருந்து தொடங்குகிறது. பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம், தீபாவளி முறுக்கின் மிச்சம், யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்து மறந்த அல்வா. காபி இயந்திரம் சூடு, ஈரம், சர்க்கரை மூன்றையும் ஒன்றாகத் தருவதால் அதன் உட்புறம் சிறிய கரப்பானுக்குச் சொர்க்கம். புகார் நிர்வாகப் பிரிவுக்குப் போகும், அங்கிருந்து பராமரிப்பு ஒப்பந்தக்காரருக்கு, அவரிடமிருந்து மருந்தடிப்பவருக்கு. யாரும் இல்லாத சனிக்கிழமை பார்த்து அவர் வருவார். அன்று எல்லா இழுப்பறைகளும் பூட்டியிருக்கும். நடைபாதைகளில் அடித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். திங்கட்கிழமை ‘புகார் தீர்க்கப்பட்டது’ என்று மின்னஞ்சல் வரும். கரப்பானுக்கு மின்னஞ்சல் முகவரி இல்லை.

அருவருப்பைத் தாண்டிய ஒரு விஷயமும் இருக்கிறது. சாக்கடையில் நடந்த கால்களோடு தட்டில் நடப்பதால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் ஏறிவரும். எச்சம், எச்சில், உரித்த தோல் ஆகியவை தூசியில் கலந்து மூச்சோடு உள்ளே போனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. அமெரிக்க நகரங்களின் ஏழைக் குடியிருப்புக் குழந்தைகளிடம் இதை 1997-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு எடுத்துக்காட்டியது.

இனி ஆயுதங்கள். பாச்சை உருண்டை என்ற பெயரே பாச்சைக்கு எதிரானது. ஆனால் அது பெட்டிக்குள் துணிக்குக் காவல் இருக்கத்தான் லாயக்கு, சமையலறையில் அந்த வாசனை மனிதர்களைத்தான் விரட்டும். லட்சுமண ரேகை என்ற சாக்பீஸ் இந்தியா முழுவதும் பிரபலம். இராமாயணத்திலேயே அந்தக் கோடு தாண்டப்பட்டது என்பதைப் பெயர் வைத்தவர்கள் யோசிக்கவில்லை போலும். கோட்டில் நடக்கும் பூச்சி பாதிக்கப்படுவது உண்மை. வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது கோடு போய்விடுவதும் உண்மை. ஸ்பிரே கண்ணில் பட்டதைக் கொல்லும். நரம்பு மண்டலம் குலைந்து, துடித்து, மல்லாந்து கிடக்கும் காட்சி வீட்டாருக்குப் பெரும் திருப்தி. காணாத நூறு சுவருக்குள் இன்னும் ஆழமாகப் போய்விடும்.

உருப்படியாக வேலை செய்வது பசை மருந்துதான்; ஜெல் என்பார்கள். கடுகளவுப் பொட்டுகளாகக் கீல்களிலும் இடுக்குகளிலும் வைப்பார்கள். தின்ற பூச்சி உடனே சாகாமல் வீடு திரும்பிச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்று மற்றவையும் சாகும். பந்தியில் விஷம் வைக்கும் பழைய அரண்மனைத் தந்திரம். ஆனால் இதற்கும் ஒரு பதில் வந்தது. 1980-களில் இனிப்புக் கலந்த மருந்துகள் பரவின. 1993-இல், குளுக்கோஸை வாயில் வைத்ததும் துப்பிவிடும் கரப்பான்கள் புளோரிடாவில் இருப்பது வெளியானது. அவற்றின் நாக்கில் இனிப்பு கசப்பாகப் படுகிறது என்று 2013-இல் வட கரோலினா ஆய்வாளர்கள் விளக்கினார்கள். டீக்கடையில் ‘சர்க்கரை இல்லாம ஒண்ணு’ என்று கேட்கும் கட்டத்துக்குக் கரப்பானும் வந்துவிட்டது. கம்பெனிகள் இனிப்பை மாற்றின. ஆட்டம் தொடர்கிறது.

போரிக் பவுடருக்கு, அதாவது கேரம் பலகையில் தூவும் அதே பொடிக்கு, இன்னும் மவுசு குறையவில்லை. மாவும் சர்க்கரையும் சேர்த்து உருட்டிக் குழந்தைகளுக்கு எட்டாத சந்தில் வைத்தால் மெதுவாகக் கொல்லும். எதை வைத்தாலும் ராத்திரி சிங்க் காய்ந்திருக்க வேண்டும், குழாய் சொட்டக் கூடாது, அட்டைப்பெட்டி அன்றே வெளியே போக வேண்டும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடிக்காதீர்கள். ஸ்பிரே வாசனை பட்ட தீனியைப் பூச்சி தொடாது. இரண்டு வாரம் பொறுத்திருங்கள். மேல் வீட்டுக்காரரிடமும் சொல்லி, அதே நாளில் அவர் வீட்டிலும் வைக்கச் சொல்லுங்கள்.