நான்காம் மாடியும் கிம்புலா பணிஸும்: சூன் பாண் வண்டி குறித்த ஓர் ஆய்வு

ஓட்டோவின் பின்பக்கத்தில் கண்ணாடி அலுமாரி. அலுமாரிக்குள் பாணும் பணிஸும். கூரையில் ஒரு ஒலிபெருக்கி. சூன் பாண் வண்டிக்கு இதற்கு மேல் வரைவிலக்கணம் தேவையில்லை. கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நடை பழகும் பிள்ளைக்குக்கூட அது தெரியும். அறிவுலகத்துக்குத்தான் தெரியவில்லை. இலங்கைத் தமிழரின் சாதி, சீதனம், புலப்பெயர்வு, கோயில் நிர்வாக வழக்கு எல்லாவற்றைப் பற்றியும் அடிக்குறிப்போடு எழுதிய பெரியவர்கள், மாலை நாலரை மணிக்கு ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நான்கு மாடி இறங்கி ஏன் ஓடுகிறார் என்று கேட்டதில்லை. இக்கட்டுரை அந்த ஓட்டத்தைப் பற்றியது.

முதலில் இசை. பெரும்பாலான வண்டிகள் இசைப்பது பீத்தோவனின் ‘ஃபூர் எலிஸ்’. ஏப்ரல் 27 என்று திகதியிடப்பட்ட, 1810இல் எழுதியதாகக் கருதப்படும் இந்தச் சின்னப் பியானோ உருப்படி, அவர் 1827இல் கண்மூடி நாற்பது வருடம் கழிந்த பிறகு, 1867இல்தான் அச்சேறியது. அச்சேற்றியவர் லுட்விக் நோல். மூனிச்சில் அவர் பார்த்த கையெழுத்துப் பிரதி பிறகு காணாமற்போய்விட்டது. ஆகவே அந்த எலிஸ் யார் என்று ஐரோப்பிய அறிஞர்கள் இன்னமும் மல்லுக்கட்டுகிறார்கள். அவள் தெரேசா மல்ஃபாட்டி, நோல்தான் பெயரைப் பிழையாக வாசித்துவிட்டார் என்பது ஒரு கட்சி. எலிசபெத் ரோக்கெல் என்பது இன்னொன்று. எலிசே பாரென்ஸ்ஃபெல்ட் என்ற பாடகிக்கும் ஆதரவாளர் உண்டு. கொழும்பு 6ஆன வெள்ளவத்தையின் சாட்சியத்தை மட்டும் எவரும் கோரவில்லை. கோரியிருந்தால் ஒரே பின்னேரத்தில் வழக்கு முடிந்திருக்கும்: இசை கேட்டதும் வீட்டில் யார் முதலில் எழும்புகிறாரோ, அவரே எலிஸ்.

பீத்தோவனுக்கும் பாணுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கும் விடை இருக்கிறது. அவரோடு பழகியவர்கள் எழுதிவைத்தபடி, பாணை ஊறவைத்து முட்டை சேர்த்துக் காய்ச்சும் சூப் அவருக்குப் பிரியமானது. முட்டை ஒவ்வொன்றையும் தானே மோந்து பார்ப்பாராம். இந்தச் சான்றை ஆய்வாளர் மகிழ்ச்சியோடு பதிவுசெய்கிறார். ஆனால் பாட்டு ஓட்டோ ஏறியதற்குக் காரணம் பெரும்பாலும் இதைவிடச் சாதாரணமானது. உரிமைப்பணம் கேட்டு வர ஆளில்லாத பாட்டு அது. வாழ்த்து அட்டையிலும் பொம்மையிலும் இருக்கும் மலிவான இசைச் சில்லுகளுக்குள் எப்போதோ குடியேறிவிட்ட பாட்டும்கூட.

இதே பாட்டுக்குத் தாய்வானிலும் மக்கள் படியிறங்கி ஓடுகிறார்கள். அங்கே அதை இசைத்து வருவது குப்பை லொறி. குப்பையைத் தெருவில் வைத்துவிட்டுப் போக முடியாத ஊர்களில், லொறி வரும் நேரம் பார்த்துப் பையோடு வாசலில் நிற்க வேண்டும். அதே எலிஸ், அதே செருப்பு, அதே அவசரம். பொருள் மட்டும் எதிர்த்திசையில் போகிறது. தாய்ப்பேயில் குடியேறும் வெள்ளவத்தைக்காரர் ஒருவர் முதல் நாள் காசை எடுத்துக்கொண்டு இறங்கினால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அடுத்தது பௌதிகம். வண்டி நெருங்கும்போது பாட்டு கொஞ்சம் கூர்மையாகவும், விலகும்போது கொஞ்சம் தொய்வாகவும் கேட்கும். டொப்ளர் விளைவு என்று உயர்தர வகுப்பில் படித்ததுதான். கொழும்பின் வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். ஓட்டோ மணிக்கு 15 கிலோமீற்றரில் வந்தால் சுருதி 1.2 வீதம் உயரும். அரைச்சுரம் ஏற ஏறத்தாழ 6 வீதம் தேவை. அதற்கு ஓட்டோ மணிக்கு 70 கிலோமீற்றரில் வர வேண்டும். அந்த வேகத்தில் பீத்தோவனின் ஏ மைனர் பி ஃபிளாட் மைனராகும், ஹம்டன் ஒழுங்கையில் நிறுத்தியிருக்கும் கார்கள் இரும்பாகும். எனவே ‘இன்றைக்குப் பாண்காரன்ர பாட்டு சுருதி விலகிக் கேக்குது’ என்று எவரேனும் சொன்னால், பழியை டொப்ளர் மேல் போடுவது தவறு. பற்றரி இறங்கியிருக்கிறது.

ஆனால் அந்த 15 கிலோமீற்றர் வேகமே விஷயத்தின் முடிச்சு. வெள்ளவத்தை ஒழுங்கைகள் பல காலி வீதியில் பிறந்து கடற்கரைப் பக்கம் போய் முடிபவை. ஒன்று 300 மீற்றர் என்று வைத்துக்கொண்டால், எங்கும் நிற்காத வண்டி அதை 72 செக்கனில் கடந்துவிடும். அந்த 72 செக்கனுக்குள் ஒரு குடும்பம் செய்ய வேண்டியவை பல. முதலில், கேட்பது வண்டியா, அல்லது பியானோ பழகும் பக்கத்து வீட்டுப் பிள்ளையா என்று தீர்மானிக்க வேண்டும். பிள்ளை ஒன்பதாவது சுரத்தில் தடுக்கி முதலிலிருந்து தொடங்கும், வண்டி தடுக்காது. பிறகு சபை கூடும்.

“அப்பா, பாண்காரன் வந்திட்டான். ஓடிப்போய் அரை றாத்தல் வாங்கிக்கொண்டு வாங்கோ.”

“ராவைக்குப் புட்டெல்லே அவிக்கிறாய்?”

“அது ராவைக்கு. இப்ப தேத்தண்ணியோட என்ன குடுக்கிறது?”

இதற்குள் முப்பது செக்கன் போய்விடும். மிச்சத்தில் செருப்பு, சில்லறை, லிப்ட். லிப்ட் எப்போதும் வேறு மாடியில்தான் நிற்கும். இந்த நெருக்கடிக்குக் குடியிருப்பாளர் கண்ட தீர்வு, பல்கணியில் நின்று “மல்லி!” என்று ஒரு குரல் விடுவது. வெளியூரில் பிறந்து சிங்களம் சரிவரப் பழகாத மாமிமாரும் தம்பியைக் குறிக்கும் இந்தச் சிங்களச் சொல்லைப் பிழையில்லாமல் உச்சரிப்பார்கள். வண்டி நிற்கும். பாட்டு மட்டும் நிற்காது.

இனி இவ்வாய்வின் மையக் கருதுகோள்: வாங்குபவர் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறாரோ, அந்த அளவுக்கு அவர் வாங்க நினைக்காத பண்டம் கூடும். அரை றாத்தல் பாணுக்காக நான்கு மாடி இறங்கியவர் வெறும் அரை றாத்தல் பாணோடு ஏறுவதில்லை. கண்ணாடிக்குள் எல்.ஈ.டி. வெளிச்சத்தில் முதலை வடிவில் கிடக்கும் கிம்புலா பணிஸின் முதுகில் சீனி மினுங்கும். பக்கத்தில் மீன் வைத்த முக்கோண மாலு பாண், சீனிச்சம்பல் பணிஸ், ஜாம் பணிஸ், ஓரமாக ஒரு தட்டில் கேக். இறங்கிய உழைப்புக்குக் கூலி வேண்டாமா? பாண் குடும்பத்தின் கணக்கு. கிம்புலா பணிஸ் கூலிக் கணக்கு. கூலியில் பாதி லிப்டுக்குள்ளேயே தீர்ந்துவிடும். வைத்தியர் சீனியை நிறுத்தச் சொன்ன நபர்களே இந்தக் கடமைக்கு விரும்பி முன்வருவது ஏன் என்பதும் இதனால் விளங்கும்.

கருதுகோளைச் சோதிக்க இயற்கை இரண்டு ஒப்பீட்டுக் களங்களைத் தந்திருக்கிறது. ஒன்று, பல்கணியிலிருந்து கயிற்றில் பையை இறக்கி வாங்குபவர். காசு பையில் இறங்கும், பாண் பையில் ஏறும். இவர் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. ஆகவே கேட்டதைத் தவிர வேறெதுவும் ஏறுவதில்லை. இத்தனை சிக்கனமான முறை ஏன் ஊர் முழுதும் பரவவில்லை என்ற கேள்விக்கு, மேலே சொன்ன லிப்டே பதில்.

மற்றது கொட்டாஞ்சேனை. அங்கேயும் மாடிகள் எழும்பிவிட்டன. ஆனாலும் பழைய ஒழுங்கைகளில் வாசற்படி நேரே தெருவில் இறங்குகிறது. 72 செக்கன் பிரச்சினை அங்கில்லை. படியில் இருந்தபடியே வண்டியை மறிக்கலாம். பார்ப்பதற்குச் செலவில்லாததால் பார்த்துக்கொண்டே இருக்கலாம், விலை கேட்கலாம், நேற்றைய பணிஸ் காய்ந்திருந்ததைச் சொல்லிக் காட்டலாம், கடைசியில் கால் றாத்தல் பாணோடு திரும்பலாம். வெள்ளவத்தைக்காரர் இதைக் கஞ்சத்தனம் என்பார். கொட்டாஞ்சேனைக்காரர் வெள்ளவத்தையைப் பற்றி என்ன சொல்வார் என்பதை அச்சேற்ற இயலாது.

கொட்டாஞ்சேனையில் ஒலிக்கு ஒரு வரலாறும் உண்டு. 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று புனித லூசியா பேராலயத்தின் பக்கமாக மேளதாளத்தோடு வந்த பௌத்த ஊர்வலத்தால் பெரிய கலகமே மூண்டது. தெருவில் எவர் எப்போது வாத்தியம் வாசிக்கலாம் என்பது அரசாங்கத்தின் தலையிடியானது. அந்தத் தலையிடியின் மிகச் சிறிய வாரிசு சூன் பாண். ஒலி மாசு விதிகளைக் காட்டிப் பொலிஸார் வண்டிகளை ஊமையாக்கிய ஒரு காலம் வந்தது. பாட்டில்லாத பாண் வண்டி ஒழுங்கைக்குள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து கடைகள் பூட்டப்பட்டபோது, நடமாடும் வியாபாரிகளே வீட்டுக்கு வீடு உணவு கொண்டுவந்தார்கள். எரிச்சலூட்டிய அதே பாட்டுக்குச் சனம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. 2022இல் மாவுக்கும் காஸுக்கும் தட்டுப்பாடு வந்து பேக்கரிகள் பூட்டின. அந்த ஜூலையில் வந்த எரிபொருள் அட்டையில் ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர். பீத்தோவனுக்கும் அந்தப் பங்குதான்.

எடை விவகாரத்தைத் தொடாமல் இருக்க முடியாது. நாடு மெற்றிக் அளவைக்கு மாறி எத்தனையோ காலம். பாண் மட்டும் இன்னும் றாத்தலில்தான் பேசப்படுகிறது. ஒரு றாத்தல் 453.6 கிராம். சட்டப்படி முழுப் பாண் 450 கிராம். 2024 பெப்ரவரியில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வெளியிட்ட வர்த்தமானி, அதிலும் 13.5 கிராம் வரை குறையலாம் என்கிறது. ஆகவே சட்டத்தை மீறாமலே, வாயால் கேட்ட பாணுக்கும் கையில் கிடைக்கும் பாணுக்கும் இடையில் 17.1 கிராம் தொலையலாம். தராசு வைத்திருக்கும் வீட்டார் இதைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் மல்லியோடு நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும்.

சைவ வீடுகளில் வெள்ளிக்கிழமை என்றொரு தனி அத்தியாயம் இருக்கிறது. மச்சம் கிடையாது, அதனால் மாலு பாண் விலக்கு. ஜாம் பணிஸில் தடையில்லை என்றே முதலில் தோன்றும். ஆனால் மாலு பாணை எடுத்த அதே இடுக்கி அல்லவா ஜாம் பணிஸையும் எடுக்கிறது? அதன் மேற்புறம் பளபளப்பது முட்டை பூசியதால் அல்லவா? இவ்விடயத்தில் இரு மரபுகள் உள்ளன. அம்மம்மா மரபு, பாண் மட்டும், அதுவும் பையிலிட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. பேரப்பிள்ளைகள் மரபு, இடுக்கியைப் பார்க்காதவருக்குத் தோஷமில்லை என்கிறது. கணக்காளர் இரண்டாவதைச் சேர்ந்தவர். லிப்டுக்குள் சாட்சி இல்லை என்பதையும் அவர் அறிவார்.

காலி வீதியில் அடிக்கொரு பேக்கரி இருக்கிறதே, 1902இல் தொடங்கிய பெரேரா அன்ட் சன்ஸ் இருக்கிறதே, குளிர்சாதன அறையில் நின்று நிதானமாக வாங்கலாமே என்று ஒரு ஆட்சேபம் எழலாம். வாங்கலாம். ஆனால் அங்கே போக முன்கூட்டியே ஆசைப்பட்டிருக்க வேண்டும். வண்டி ஆசையையும் ஏற்றிக்கொண்டு வருகிறது; வாங்குபவர் பொறுப்பேற்கத் தேவையில்லை. ‘வந்தான், வாங்கினன்’ என்றால் எந்த மனைவியும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை.

ஒரு பிரச்சினை மட்டும் இன்னும் தீர்க்கப்படவில்லை. ஒரே ஒழுங்கைக்குள் இரண்டு முனையிலிருந்தும் இரண்டு வண்டிகள் ஒரே பாட்டோடு நுழைந்துவிடும் நாட்கள் உண்டு. இரண்டு எலிஸும் ஒன்றையொன்று துரத்தும் அந்த நாலு நிமிடம் இசை விமர்சகருக்கானது. சமூகவியலாளருக்கு வேலை அதன் பிறகு. வழக்கமான மல்லி இன்னும் தூரத்தில் இருக்கிறார், புதியவரின் கண்ணாடிக்குள் கிம்புலா பணிஸ் ஆவி பறக்கக் கிடக்கிறது. வாங்கிவிட்டுப் பையைச் சாரத்துக்குப் பின்னால் மறைத்தபடி கேற்றுக்குள் நழுவுவதே நடைமுறை. பிடிபட்டால், “பேரனுக்குக் காய்ச்சல், அவசரமாக் கேட்டவன்” என்று ஒரு சாட்டு இருக்கிறது. அது இருதரப்பாலும் ஏற்கப்பட்டது. வழக்கமான மல்லி தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் போவார். அடுத்த நாள் அதே கேற்றடியில் வண்டியை நிறுத்தி, ஒலியையும் ஒரு பங்கு கூட்டி, கணக்காளர் இறங்கி வரும் வரைக்கும் பாட்டை ஓடவிடுவார்.